மே மாத மரதன், பெப்ரவரி ஐஸ் றோட்டு: ஞாயிறு ஓட்டத்துக்குக் காரில போறது பற்றி

வன்னிக்காகம் | #1
கனடாவில ஒட்டாவா மரதன் மே கடைசியில. 16 கிழமைத் திட்டம் எண்டால் பெப்ரவரி முதல் கிழமையில தொடங்கவேணும். ஞாயிறு நீள ஓட்டம் குழுவோட, காலமை 6 மணிக்கு ஏரிக்கரையில. ரொறன்ரோ ஸ்காபரோவின்ர கிழக்குப் பக்கத்தில இருந்து விடியமுன்னம் 401 நெடுஞ்சாலையிலயும் பிறகு டொன் வலி பார்க்வேயிலயும் போகவேணும். கேள்வி மூண்டு. காரில என்னென்ன பாக்கவேணும்? சறுக்கினால் கைகால் என்ன செய்யவேணும்? அடிபட்டால், பிறகு ஓட்டத்துக்குத் திரும்புறது எப்பிடி? "கவனமாப் போங்கோ" எண்ட பதில் வேண்டாம், அது அம்மா சொல்லுவா.

நெடுந்தூரம் | #2
முதல்ல ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. பிப்ரவரி தொடக்கத்துல இருந்து மார்ச் மூணாவது வாரம் வரைக்கும் ஏழு ஞாயிறு. ரோட்டுல ஐஸ் இருக்கிற வாரங்கள் பெரும்பாலும் அவ்வளவுதான். 16 வாரத் திட்டத்துல அந்த ஏழு வாரத்தோட நீள ஓட்டம் 16ல ஆரம்பிச்சு 24, மிஞ்சினா 26 கிமீ. குழு நிஜமா தேவைப்படுற 28, 30, 32 எல்லாம் ஏப்ரல்ல வருது. அப்போ ஐஸ்ல 30 கிமீ கார் ஓட்டிப் போய் 18 கிமீ ஓடுறதுக்கு என்ன அவசியம்?

வீட்டைச் சுத்தி 4 கிமீ வட்டம் ஒண்ணு பிடிங்க. பஸ் போற தெருவா இருக்கணும், உப்பு முதல்ல அங்கதான் போடுவாங்க. அஞ்சு சுத்து வந்தா 20. தண்ணி பாட்டிலையும் சக்திக்குச் சாப்பிடுற ஜெல்லையும் வாசல் கதவுக்கு உள்பக்கம் வச்சுக்கலாம். −15ல ஜெல் புளி உருண்டை மாதிரி இறுகிடும். பாட்டில்ல முதல்ல உறையறது வாய்ப்பகுதி, அதனால கையில கொண்டுபோனா தலைகீழா பிடிங்க. நேர்வழி ஓட்டம்னா காத்துக்கு எதிரா போயிட்டு காத்தோட திரும்பணும். மாத்திச் செஞ்சா வேர்த்த உடம்போட எதிர்காத்துல திரும்பி வரணும். காத்துக் குளிர் −28ஐத் தாண்டினா 10ல இருந்து 30 நிமிஷத்துல தோல் உறைய ஆரம்பிக்கலாம். அன்னைக்கு டிரெட்மில்தான். சரிவை 1 விழுக்காடு வச்சா வெளிய ஓடுற உழைப்புக்குக் கிட்டத்தட்ட சமம். 20 கிமீ அதுலயே ஓடப் பைத்தியம் பிடிக்கும்னா பாதி அதுல, பாதி வெளிய.

ரயர்க்கடை | #3
காரைப் பற்றி நான் சொல்லுறன். ரயரின்ர பக்கச் சுவரில மூண்டு முகடுள்ள மலையும் அதுக்குள்ள பனித்துளியும் இருக்கிற அடையாளம் வேணும். 'எம் பிளஸ் எஸ்' எண்டு மட்டும் அடிச்சிருந்தால் அது வின்ரர் ரயர் இல்லை. விசயம் ரயரின்ர பூவில (வெட்டுக் கோலத்தில) இல்லை, ரப்பரில. ஓல் சீசன் ரப்பர் 7 பாகைக்குக் கீழ இறுகத் தொடங்கும், வின்ரர் ரப்பர் −30இலயும் மெதுவா இருக்கும்.

நாலு சக்கரத்துக்கும் போடவேணும். காசு மிச்சம் பிடிக்க முன்னுக்கு இரண்டு மட்டும் போட்டால் முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது. வளைவில கார் பம்பரம் மாதிரிச் சுத்திறதுக்கு அது சுகமான வழி.

பூவின்ர தடிப்பு: ஒன்ராறியோச் சட்டப்படி 1.5 மிமீ போதும். ஆனால் 4 மிமீக்குக் கிட்ட வந்தால் பனியில பிரயோசனம் இல்லை. காற்று: ஒவ்வொரு 5, 6 பாகை குளிருக்கும் ஒரு பிஎஸ்ஐ குறையும். 15 பாகைக் கராச்சில நிரப்பினது −20 காலமையில 6 பிஎஸ்ஐ குறைஞ்சு நிக்கும். ஆனபடியால் கார் இரவு முழுக்க வெளியில நிண்ட பிறகு, ஓட முன்னம், கதவுத் தூணில ஒட்டியிருக்கிற அளவுக்கு நிரப்புங்கோ. சக்கரத்தின்ர பக்கத்தில எழுதியிருக்கிறது உச்ச அளவு, அதுக்கு நிரப்பக்கூடாது.

கியூபெக்கில டிசம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். ஒன்ராறியோவில கட்டாயமில்லை. ஆனால் 2016இல இருந்து காப்புறுதிக்காரர் அதுக்குக் கழிவு தரவேணும். கேட்டால்தான் தருவாங்கள், கேளுங்கோ.

மூணுதலைமுறை | #4
நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இருந்தா இதெல்லாம் வேணுமா? பனியில அது சும்மா பறக்குதே.

ரயர்க்கடை | #5
பறக்கும். நிக்காது. நாலு சக்கரத்திலயும் பிறேக் எல்லாக் காருக்கும் இருக்கு, உங்கட வண்டிக்குக் கூடுதலாக் கிடைக்கிறது தொடக்க இழுவை மட்டும்தான். நல்லாக் கிளம்புறதால றோட்டு நல்லாயிருக்கு எண்டு நினைப்பு வரும். பள்ளத்துக்குள்ள கிடக்கிற வண்டியளைப் பார்த்தால் விளங்கும்.

அரைக்கணக்கு | #6
எண்ணாகச் சொன்னால் உறைக்கும். நிற்கும் தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × உராய்வு × 9.8). காய்ந்த தாரில் உராய்வு சுமார் 0.7, வழவழத்த ஐஸில் சுமார் 0.1. மணிக்கு 50 கிமீ என்பது நொடிக்கு 13.9 மீட்டர். காய்ந்த தெருவில் 14 மீட்டரில் நிற்கும், ஐஸில் 98 மீட்டர். பிரேக்கை மிதிக்கும் முன் மூளை எடுக்கும் ஒன்றரை நொடியில் இன்னும் 21 மீட்டர் போகும். அதே ஐஸில் 30 கிமீ என்றால் 35 மீட்டர்தான். வேகம் பாதியை ஒட்டிக் குறையும்போது தூரம் மூன்றில் ஒன்றாகிறது. டயர் உராய்வைக் கொஞ்சம் கூட்டும். மிச்சமெல்லாம் உங்கள் வலது காலில்தான் இருக்கிறது.

வன்னிக்காகம் | #7
சரி, ஐஸ் எது, நனைஞ்ச றோட்டு எது எண்டு இருட்டில எப்பிடித் தெரியும்?

ஐந்தாம்கியர் | #8
முன்னுக்குப் போற காரின்ர பின் சக்கரத்தைப் பாருங்கோ. றோட்டு ஈரமாப் பளபளக்குது, ஆனால் சக்கரத்தில இருந்து தூவானம் எழும்பேல்லை எண்டால் அது தண்ணி இல்லை, கறுப்பு ஐஸ். இரண்டாவது அடையாளம் சத்தம். ஈர றோட்டில வாற 'சர்ர்' எண்ட சத்தம் திடீரெண்டு நிண்டால் கவனம். மூண்டாவது, ஸ்ரியரிங் காற்றில சுத்துற மாதிரி இலேசாகும்.

டாஷில காட்டிறது காற்றின்ர வெப்பநிலை. வானம் வெளிச்ச இரவில றோட்டு அதைவிடக் குளிர்ந்து கிடக்கும், அதுவும் விடியமுன்னம். +2 காட்டேக்கையே ஐஸ் இருக்கும். பாலங்களும் நெடுஞ்சாலையில ஏறி இறங்கிற வளைவுகளும் முதல் உறையும். கீழயும் காற்று, மேலயும் காற்று, மண்ணின்ர சூடு ஏறாது.

இன்னொரு பிழையான நினைப்பு: கடுங்குளிர்தான் ஆபத்து எண்டு. −20 ஐஸ் காய்ஞ்ச ஐஸ், கொஞ்சமாவது பிடிக்கும். 0க்குக் கிட்டத்தான் மோசம், ஐஸுக்கு மேல மெல்லிய தண்ணிப் படலம் நிக்கும். பகல் உருகி இரவு உறையிற மார்ச் ஞாயிறு ஜனவரியை விடக் கள்ளன். கடுங்குளிரில வேற பிரச்சினை: −10க்குக் கீழ உப்பு மெதுவாத்தான் வேலை செய்யும், −18க்குக் கீழ அனேகமா வேலை செய்யாது, மணல்தான் போடுவாங்கள்.

கிளம்ப முன்னம் 511 ஒன்ராறியோவில றோட்டு நிலைமையைப் பாருங்கோ. 'பகுதியாகப் பனி மூடியது' எண்டு இருந்தால் குழுவுக்கு ஒரு குறுஞ்செய்தி, பிறகு 4 கிமீ வட்டம்.

நெடுந்தூரம் | #9
இதோட ஒண்ணு சேத்துக்கிறேன். மார்ச் கடைசில ஹாமில்டன்ல 'அரவுண்ட் த பே' 30 கிமீ இருக்கு. 1894ல ஆரம்பிச்சது, பாஸ்டனுக்கு மூணு வருஷம் மூத்தது. ஒட்டாவா ஓடுற பாதிப் பேர் அதைத்தான் நீள ஓட்டமா வச்சுக்கிறாங்க. டொராண்டோ பக்கத்துல இருந்து கியூஈடபிள்யூ நெடுஞ்சாலையிலயே வர்றவங்க பர்லிங்டன் ஸ்கைவே பாலத்தைத் தாண்டணும். தண்ணிக்கு மேல உசரமான பாலம், பக்கக் காத்து வேற. அன்னைக்கு முந்தின ராத்திரியே ஹாமில்டன்ல தங்கிடுறது நல்லது. போட்டி நாள் பதட்டத்துல யாரும் 80ல போகமாட்டாங்க.

ஐந்தாம்கியர் | #10
இனிச் சறுக்கல். இரண்டு வகை, வைத்தியம் வேற வேற.

முன்பக்கம் சறுக்கினால்: நீங்கள் திருப்பிறியள், கார் நேராப் போகுது. எல்லாரும் செய்யிற பிழை, இன்னும் கூடத் திருப்பிறது. சக்கரம் குறுக்க நிண்டு வழிக்குமே தவிரப் பிடிக்காது. அக்சிலேற்றரில இருந்து காலை எடுங்கோ, ஸ்ரியரிங்கைக் கொஞ்சம் நேராக்குங்கோ, பிடி வந்தது கையில தெரிஞ்ச பிறகு மெதுவாத் திருப்புங்கோ.

பின்பக்கம் சறுக்கினால்: வால் வலப்பக்கம் போகுது எண்டால் ஸ்ரியரிங்கும் வலப்பக்கம். இடம் வலம் யோசிக்க நேரமிராது. போகவேண்டிய இடத்தைக் கண்ணால பாருங்கோ, கை அங்கதான் போகும். பாக்கிற இடத்துக்குத்தான் கார் போகும், ஆனபடியால் விளக்குக் கம்பத்தைப் பாக்காதேங்கோ. வால் திரும்பினவுடன ஸ்ரியரிங்கைத் திருப்பி எடுக்கப் பிந்தினால் மற்றப் பக்கம் அடிக்கும். அந்த இரண்டாவது அடியில சுழண்டு போறவையள்தான் கன பேர்.

குறூஸ் கொன்றோல் போடவே கூடாது. சறுக்கேக்க வேகத்தைக் குறைக்கத் தெரியாமல் அது இழுத்துக்கொண்டு நிக்கும்.

மூணுதலைமுறை | #11
எங்க அப்பா பிரேக்கை விட்டு விட்டு அமுக்கணும்பாரு. சரிதானா?

ஐந்தாம்கியர் | #12
அப்பா ஓட்டின காருக்குச் சரி. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் காக்கிற பிறேக்) இருக்கிற காரில அமுக்கினால் அமுக்கினபடி. காலுக்குக் கீழ பெடல் 'டகடக' எண்டு துடிக்கும், அது பழுது இல்லை, வேலை செய்யுது. அந்தத் துடிப்புக்குப் பயந்து காலை எடுக்கிறதுதான் பிழை. ஏபிஎஸ் தூரத்தைக் குறைக்கிற சாமான் இல்லை. பிறேக் பிடிச்சபடி திருப்ப விடும், அவ்வளவுதான். உதிரி ஸ்னோவில தூரம் கூடவும் செய்யும். சக்கரம் பூட்டினால் முன்னுக்குப் பனி குவிஞ்சு ஆப்பு மாதிரி நிப்பாட்டும், ஏபிஎஸ் அதைக் குவிய விடாது. முதல் ஸ்னோ கொட்டின அண்டைக்கு, ஆளில்லாத தெருவில பின்னால ஒருத்தரும் வராத நேரம் 30இல ஒருக்கா அமுக்கிப் பாத்து வையுங்கோ.

தேனீர்க்கடை | #13
எல்லாரும் போற பயணத்தையே பேசுறீங்க. ஆபத்து திரும்பி வர்றப்பதான். 25 கிமீ ஓடினவர் ஓட்டுற கார் அது. ரத்தத்துல சர்க்கரை இறங்கியிருக்கும், கண்ணு சொக்கும். கெண்டைக்காலும் தொடையும் கார்ல மடங்கி உக்காந்த பத்தாவது நிமிஷம் பிடிச்சுக்கும். வலது கால் பிரேக்குல இருக்கிறப்ப பிடிச்சா என்ன ஆகும்னு யோசிங்க. ஓடி முடிச்ச உடனே கார்ல ஏறாதீங்க. பத்து நிமிஷம் நடந்து, வாழைப்பழமோ பன்னோ சாப்பிட்டு, சூடா எதாவது குடிச்சு, கால் பிடிக்கலைன்னு உறுதியான பிறகு கிளம்புங்க.

வேர்வையும் மூச்சும் கண்ணாடி உள்பக்கம் படிஞ்சு உறைஞ்சிடும். உள்காத்தைச் சுத்தவிடுற பொத்தானை அணைச்சு, ஏசியைப் போட்டு, சூடான காத்தைக் கண்ணாடிக்கு அனுப்புங்க. குளிர்காலத்துல எதுக்கு ஏசின்னு கேப்பாங்க. அது காத்தோட ஈரத்தை எடுக்குது, அதுக்குத்தான். வழுக்கி விழாம ஓடணும்னு போட்ட முள்ளை ஷூல இருந்து கழட்டிட்டு ஏறுங்க, முள்ளு பெடல்ல வழுக்கும்.

முக்கியமானது, காஞ்ச துணி. உள்சட்டை, ஸ்வெட்டர், தொப்பி, காலுறை, கம்பளி ஒரு பையில. அந்தப் பை டிக்கியில இல்ல, முன் சீட்டுக்குக் கீழ. பின்னாடி இடிச்சா டிக்கி திறக்காது. நனைஞ்ச சட்டையோட −15ல ரோட்டோரம் இழுவை வண்டிக்காக ஒரு மணி நேரம் நின்னா, இடிச்சதுல தப்பிச்சவரு குளிர்ல விறைச்சுப் போவாரு.

இயன்முறை | #14
மேலே சொன்னதோடு உடுப்பு பற்றி இன்னொன்று. தடித்த பஞ்சுக் கோட்டுக்கு மேல் சீற் பெல்ற் போடாதீர்கள். அடிபடும் கணத்தில் பஞ்சு நசுங்கும், பெல்ற் தளர்ந்துவிடும், உடம்பு அத்தனை சென்ரிமீற்றர் முன்னால் போன பிறகே பிடிக்கும். கோட்டைக் கழற்றி மடியில் போடுங்கள், அல்லது சிப்பைத் திறந்து பெல்ற்றை உள்ளே விடுங்கள். இடுப்புப் பட்டை வயிற்றில் அல்ல, இடுப்பெலும்பில் பதிய வேண்டும். நெஞ்செலும்புக்கும் ஸ்ரியரிங்குக்கும் இடையில் 25 சமீ. தலைத் தாங்கியின் மேல் விளிம்பு உங்கள் உச்சந்தலை மட்டத்துக்கு. பலருடைய காரில் அது பிடரியில் நிற்கிறது, அப்படி இருந்தால் கழுத்தை அதுவே முறித்துக் கொடுக்கும்.

வன்னிக்காகம் | #15
இடிபட்டு நிண்ட பிறகு? முதல் பத்து நிமிசம்?

கறுப்புக்கோட்டு | #16
ஆபத்து விளக்கைப் போடுங்கள். வண்டி ஓடுமென்றால் ஓரத்துக்கு எடுங்கள். ஓடாவிட்டால், பாதுகாப்பாகத் தடுப்புக்கு அப்பால் போக முடியுமானால் மட்டும் இறங்குங்கள். முடியாவிட்டால் பெல்ற் போட்டபடி உள்ளேயே இருந்து 911. ஐஸில் அடுத்த வண்டியும் அதே இடத்தில்தான் சறுக்கும். இரண்டு வாகனங்களுக்கு இடையில் நின்று படம் எடுப்பது போல முட்டாள்தனம் வேறில்லை. பனிக்குவியலுக்குள் போய் நின்றிருந்தால் புகைக்குழாயைத் தோண்டித் திறந்த பிறகே எஞ்சினைப் போடுங்கள், மணிக்குப் பத்து நிமிடம், ஒரு கண்ணாடி சிறிது திறந்தபடி. கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை.

ஒன்ராறியோவில் யாருக்காவது காயம் என்றால் பொலிஸை அழைத்தே ஆக வேண்டும். காயமில்லாமல் மொத்தச் சேதம் 5,000 டொலருக்கு மேல் என்றால் முறையிட வேண்டும் (2025 ஜனவரி வரை அது 2,000). விபத்து முறையீட்டு நிலையத்துக்கு 24 மணி நேரத்துக்குள் போங்கள். கூப்பிடாமல் வந்து நிற்கும் இழுவை வண்டிக்காரரிடம் வாசிக்காத தாளில் கையெழுத்து வேண்டாம். வண்டி எங்கே போக வேண்டும் என்பது உங்கள் தெரிவு.

காப்புறுதிக்கு 7 நாளுக்குள் அறிவியுங்கள். உடல் வலி சிறிதென்றாலும் ஓசிஎஃப்-1 படிவத்தை (விபத்து நலன்களுக்கான விண்ணப்பம்) கேளுங்கள், கையில் கிடைத்து 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். சிறு காயம் என்று வகுத்தால் சிகிச்சைக்கு 3,500 டொலர்தான் எல்லை. இயன்முறைச் சிகிச்சையில் அது கரைவது தெரியாது.

'ஐஸ் சறுக்கிவிட்டது, என் பிழையில்லை' என்று நினைக்கிறவர்களுக்கு: பிழை யாருடையது என்று காப்புறுதி தீர்மானிக்கும் விதிகளில் (ஒழுங்குவிதி 668) காலநிலையும் வீதி நிலையும் கணக்கில் இல்லை. பின்னால் இடித்தவர் பக்கம் 100 விழுக்காடு, ஐஸானாலும் வெயிலானாலும்.

இயன்முறை | #17
உடம்பைப் பற்றி. கழுத்து நோ அன்றைக்கே வருவது குறைவு. மறுநாள், அதற்கடுத்த நாள்தான் உச்சம். 'ஒன்றுமில்லை' என்று தெருவோரத்தில் சொல்லிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியவை: கைகாலில் மரப்பு, கழுத்தை இருபுறமும் 45 பாகை திருப்ப முடியாமை, திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டு போகும் தலையிடி, நினைவு தடுமாற்றம், வயிற்றுக்குக் குறுக்கே பெல்ற் தழும்பு. கடைசியாகச் சொன்னதைப் பலர் வெறும் கண்டல் என்று விடுகிறார்கள். உள்ளே குடலில் காயம் இருந்து ஒரு நாள் கழித்தும் தெரியவரலாம்.

ஓட்டக்காரர் அங்கே கட்டாயம் சொல்ல வேண்டியது: "இன்று காலையில் 28 கிலோமீற்றர் ஓடினேன்." நீள ஓட்டத்துக்குப் பிறகு தசை நொதியான சிகே பல மடங்கு ஏறியிருக்கும். இதயத் தசைப் புரதமான ட்ரோபோனினும் ஏறலாம். நெஞ்சில் பெல்ற் அடியோடு வந்தவருக்கு ட்ரோபோனின் கூடியிருந்தால் வைத்தியர் இதயக் காயத்தைத் தேடுவார், தேடத்தான் வேண்டும், ஆனால் ஓடிய செய்தி அவர் கையில் இருக்க வேண்டும். உங்கள் வழமையான நாடித்துடிப்பையும் சொல்லுங்கள். ஓய்வில் 46 துடிக்கும் ஒருவருக்கு 92 என்பது இரட்டிப்பு. தாளில் அது 'சாதாரணம்' என்று போய்விடும். தலையில் அடி சந்தேகமென்றால் இரத்தக் கசிவு இல்லை என்று சொல்லும் வரை இபுபுரூஃபென் வலிமாத்திரை வேண்டாம், டைலினால் (பரசிற்றமோல்) போதும்.

திரும்பி ஓடுவது: தலை அதிர்ச்சி என்றால் முதல் 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, ஆனால் இருட்டறையில் படுக்கை அல்ல, நடக்கலாம், திரை நேரத்தைக் குறையுங்கள். பிறகு உச்ச நாடியின் 55 விழுக்காடு வரை சைக்கிள் அல்லது நடை, அடுத்து 70 வரை. உச்சம் 185 என்றால் 102, பிறகு 130. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். பத்தில் இரண்டு புள்ளிக்கு மேல் தலையிடி கூடினால் அன்றைக்கு நிறுத்துங்கள். விலா உடைந்திருந்தால் ஆறு கிழமை அளவு, பேச்சுக்கே இடமில்லை. பிறேக்கை மிதித்தபடி அடிபட்டவர் வலது கணுக்காலையும் குதியையும் சோதிக்க வேண்டும். கழுத்து நோவின் மறைவில் அது இரண்டு கிழமை தெரியாமல் கிடக்கும், முதல் ஓட்டத்தில் வெளியே வரும்.

கழுத்துக் கண்டல் மட்டும் என்றால் என் அளவுகோல் மூன்று: 30 நிமிடம் வேகநடை, ஒற்றைக் காலில் பத்துத் துள்ளல், இரு தோளுக்கு மேலாலும் பின்னால் பார்த்தல், மூன்றும் நோவில்லாமல். மூன்றாவது முடியாதவர் ஓடவும் வேண்டாம், கார் ஓட்டவும் வேண்டாம்.

வன்னிக்காகம் | #18
ஏழாம் கிழமையில இரண்டு கிழமை போச்சு எண்டு வையுங்கோ. ஒட்டாவா கைவிட்டுப் போகுமோ?

நெடுந்தூரம் | #19
போகாது. ஒரு வாரம் விட்டா எதுவும் குறையாது. ரெண்டு வாரத்துல ஆக்சிஜன் கொள்ளளவு ஒரு 5, 7 விழுக்காடு இறங்கும், திரும்பி வந்துடும். விட்ட ஓட்டத்தை ஈடுகட்ட ஓடாதீங்க, அது காயத்துக்கு மேல காயம். முதல் வாரம் பழைய தூரத்துல பாதி, வேக ஓட்டம் கிடையாது. ரெண்டாவது வாரம் முக்கால். நீள ஓட்டம் கடைசியா 22 ஓடியிருந்தா 14ல ஆரம்பிச்சு 18, 22, 26, 30. ஏழு, எட்டு போயிருந்தா ஒன்பதுல இருந்து பதிமூணு வரைக்கும் இந்த அஞ்சும் அடங்கிடும், போட்டிக்கு முன்னாடி தூரத்தைக் குறைக்கிற தளர்வுக்கு மூணு வாரம் மிச்சம். நாலு வாரத்துக்கு மேல போயிருந்தா அரை மாரத்தானுக்கு மாத்திக்கிறதுதான் என் கட்சி.

மூணுதலைமுறை | #20
4 கிமீ வட்டத்துல நடைபாதையே ஐஸா இருந்தா? ஷூல ஸ்குரூ அடிப்பாங்களாமே?

தேனீர்க்கடை | #21
அடிப்பாங்க. தகட்டு வேலைக்கான ஸ்குரூ, எட்டாம் நம்பர், அறுகோணத் தலை, முக்கால் அங்குலத்துல பாதி, அதாவது முக்கால் இல்ல, எட்டுல மூணு அங்குலம். அதுக்கு மேல நீளம் வாங்கினா உள்ளங்கால்ல குத்தும். பழைய, அடி தடிச்ச ஷூவா பாத்து, ஒரு ஷூவுக்கு 12ல இருந்து 16, ஓரம் சுத்தி மட்டும். நடுவுல, பெருவிரல் பந்துக்குக் கீழ அடிக்காதீங்க. பிடிக்கிறது கூர்முனை இல்ல, தலையோட அறுகோண விளிம்பு, அதனால வட்டத் தலை வாங்கினா வீண். அதோட வெறும் தார்ல ஓடினா ரெண்டே வாரத்துல விளிம்பு மழுங்கிடும்.

ரயர்க்கடை | #22
எட்டில மூண்டு அங்குலம், ஓம். முக்காலில பாதியும் அதேதான் தேனீர், கணக்கு முதலே சரியாத்தான் வந்தது.